இடிக்கப் போன வீடுகளும் எங்கள் அத்தையும்

"இதுக்கா டிக்கெட்டு?"

முட்டுக்காடு தட்சிணசித்ராவின் வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு நான் திரும்பியதும் எங்கள் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். அத்தை என்றால் என் மாமியார். வயது 79. மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் 1963-ல் வாழ்க்கைப்பட்டு, நாட்டு ஓடு வேய்ந்த பெரிய வீட்டில் 48 வருஷம் குடித்தனம் செய்தவர்.

"ஓட்டு வீட்டைப் பாக்கவா காசு குடுக்கிறே? அதுல குடியிருந்தப்ப எனக்கு ஒருத்தரும் ஒத்த ரூபா குடுக்கலியே!" என்று சிரித்தார்.

அவரை அங்கே அழைத்துப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மன்னார்குடி வீடு, 2011-ல் மாமனார் காலமானதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. ஓடு சரிந்துவிட்டது. கொல்லைப்புறச் சுவர் ஒரு ஐப்பசி மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. விற்றுவிடலாம் என்பது என் கணவரின் அண்ணன், தம்பி இருவருடைய எண்ணம். பழைய மரச் சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து, தூண்களைத் தட்டிப் பார்த்து, நிலைக் கதவைத் தடவிப் பார்த்து, ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பத்திரத்தில் அத்தை கையெழுத்துப் போட வேண்டும். அவரோ போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆறு மாதமாக அந்தப் பேச்சை எடுத்தாலே துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுகிறார்.

நான் சைதாப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனத்தில் பிறந்து வளர்ந்தவள். முற்றம், தாழ்வாரம், ஊஞ்சல் என்று யாராவது சொன்னாலே எனக்கு மனசு உருகிவிடும். வீட்டை விற்கக் கூடாது என்பது என் கட்சி. தட்சிணசித்ராவைப் பார்த்தால் அத்தையும் என் கட்சிக்கு வந்துவிடுவார் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, கல்லூரிக்கு மட்டம் போட்ட என் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன்.

பிரித்து, ஏற்றி, மறுபடி கட்டியவை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் முட்டுக்காடு. அங்கே வங்கக் கடலைப் பார்த்தபடி ஏறக்குறைய 10 ஏக்கரில் இருக்கிறது தட்சிணசித்ரா. அமெரிக்காவில் பிறந்தவரான டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை உருவாக்கியது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1996 டிசம்பரில். குறைந்த செலவில் செங்கல் வீடு கட்டிக் காட்டிப் பேர் வாங்கினாரே லாரி பேக்கர், அவர்தான் இந்த இடத்துக்கு ஆரம்ப வரைபடம் போட்டவர்.

மியூசியம் என்றதும் கண்ணாடிப் பெட்டிகளையும் 'தொடாதே' பலகைகளையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வீடுகள்தான் காட்சிப் பொருள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று தென்னாட்டு வீடுகள் 18, தெருத் தெருவாக நிற்கின்றன. வாசற்படி ஏறி உள்ளே போகலாம், திண்ணையில் உட்காரலாம், கொல்லை வழியாக வெளியே வரலாம். இப்படித் திறந்த வெளியில் கிராமத்து வீடுகளைக் கொண்டுவந்து வைக்கும் யோசனைக்குப் பேர் போனது ஸ்வீடன் நாடு. ஆர்ட்டூர் ஹாசேலியுஸ் என்பவர் 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஆரம்பித்த ஸ்கான்சென்தான் இந்த ஜாதி மியூசியங்களுக்கெல்லாம் பாட்டி.

இங்கே உள்ள பழைய வீடுகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். சொந்தக்காரர்கள் இடிப்பதென்று தீர்மானித்துவிட்ட வீடுகளைத்தான் வாங்கியிருக்கிறார்கள். வாழ்கிற வீட்டைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. இடிக்கப் போன வீட்டை விலைக்கு வாங்கி, கவனமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து, அந்தந்த ஊர் ஸ்தபதிகளையும் தச்சர்களையும் கொண்டே பழையபடி கட்டியிருக்கிறார்கள்.

இதை என் பெண் படித்துச் சொன்னதும் அத்தை நின்றுவிட்டார்.

"அப்ப இதெல்லாம் வேண்டாம்னு விட்ட வீடா?"

"ஆமாம் அப்பாயி."

"இங்கே கொண்டாந்து வச்சதுக்கப்புறம், அந்த வீட்டுக்காரங்க யாராச்சும் வந்து பாத்தாங்களாமா?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அத்தை தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

"பொம்பளைங்க எங்கே உக்காருவாங்க?"

முதலில் செட்டிநாட்டு வணிகர் வீடு. நிலைவாசலில் இழைத்திருக்கும் மர வேலையைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. வழவழவென்று தேக்குத் தூண்கள். செட்டிநாட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசுவார்கள். கையால் தடவினால் பளிங்கு மாதிரி இருக்கும், வெயில் காலத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு குளிரும் என்று நான் எங்கேயோ படித்ததையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை முகப்பைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆம்பளைங்க இங்கே உக்காந்து கணக்கு எழுதுவாங்க. பொம்பளைங்க எங்கே உக்காருவாங்க?" என்றார்.

நியாயமான கேள்வி! முகப்பும் பட்டாலையும் ஆண்களுக்கு, இரண்டாம் கட்டும் அதற்குப் பின்னால் உள்ளதும் பெண்களுக்கு என்பதுதான் செட்டிநாட்டு வழக்கம். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் வளவைச் சுற்றி ஒரு அறை உண்டு. ஒரே வீட்டுக்குள்ளேயே தனித்தனியாகச் சமைத்துக்கொண்டு தனித்தனிப் 'புள்ளி'யாக வாழ்வார்கள். இதைச் சொன்னதும் அத்தைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "கெட்டிக்காரங்கப்பா! ஒரே கூரை, தனித்தனி உலை. எங்க வீட்டுல பதினாலு பேருக்கு ஒரே உலை. யாருக்கு எப்ப பசிக்கும்னு பாத்துக்கிட்டு அடுப்படியிலேயே கெடக்கணும்."

அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகாரத்து வீடு. பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நீளமாக ஓடும் அமைப்பு. வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை. இந்த மாதிரி வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லை வரை கண்ணுக்குத் தெரியும், காற்றும் அதே வழியில் ஓடும். மின்விசிறி வராத காலத்து சூட்சுமம் இது. நம்முடைய ஃப்ளாட்டுகளில் ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு ஜன்னல் வைத்தாலே பாதிப் புழுக்கம் குறையும். வீடு கட்டப்போகிறவர்கள் இதை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போய் மேஸ்திரியிடம் சொல்லலாம்.

கொல்லைப் பக்கம் வந்தபோது என் பெண், "அந்தக் காலத்துல மூணு நாள் இங்கேதான் உக்கார வைப்பாங்களா அப்பாயி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல. மார்கழிப் பனியில கோணிச்சாக்கு விரிச்சுப் படுத்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மூணு நாளுதான் எனக்கு அடுப்படியிலேருந்து விடுதலை. அதுக்காக ஏங்கினதும் உண்டு."

இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

புகை எங்கே?

விவசாயி வீட்டை நெருங்கும்போதே அத்தையின் நடை வேகமாகிவிட்டது. ஓட்டுத் தாழ்வாரத்துக்குத் தலையைக் குனிந்தது, வாசற்படியை மிதிக்காமல் தாண்டியது, எல்லாம் பழகின வீட்டுக்குள் போகிற மாதிரியே இருந்தது. யாரும் வழிகாட்டாமலே நேரே அடுப்பங்கரைக்குப் போனார்.

மெழுகின மண் அடுப்பு சுத்தமாக இருந்தது. பக்கத்தில் பானைகள். அத்தை மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார்.

"புகையே இல்லியே. புகை இல்லாம என்ன அடுப்பங்கரை?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரைத் தடவினார். உத்திரத்தைப் பார்த்தார். "கரியே பிடிக்கல. எங்க வீட்டுல உத்திரத்துல கையை வச்சா கருப்பா ஒட்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். மாசி பொறக்கறதுக்குள்ள மறுபடி கருத்துப்போவும்."

பிறகு என் பெண்ணுக்கு அடுப்பைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இது பெரிய வாய், இது கொடி அடுப்பு; பெரிய வாயில் சோறு கொதித்தால் கொடியில் குழம்பு சூடாக இருக்கும். வெயில் காலத்தில் சவுக்கு விறகு, உளுந்தஞ்செடி, தென்னம்பாளை, வறட்டி எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கும், பிரச்னை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் நமுத்துப்போகும். ஊதுகுழலை எடுத்து ஊது ஊதென்று ஊதினாலும் பற்றாது, புகைதான் வரும். கண்ணில் நீர் வடிய, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊதியிருக்கிறார். காலையில் நாலு மணிக்குப் பற்ற வைத்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் அணையும். கேஸ் அடுப்பு அந்த வீட்டுக்கு வந்தது 1991-ல். 28 வருஷம் இந்த வேலை!

"நடுவுல புகைக்கூண்டு வச்ச அடுப்பு ஒண்ணு கட்டிக் குடுத்தாங்க, சர்க்காருல. நல்லாத்தான் இருந்துச்சு. கூண்டு வழியா மழைத்தண்ணி ஒழுகுதுன்னு ஒங்க மாமனாரு அடைச்சுப்புட்டாரு. அவரு எங்கே சமைச்சாரு?"

பேசிக்கொண்டே வந்தவருக்கு இங்கே மூச்சு வாங்கியது. கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பழைய அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் அதை உறிஞ்சினதைப் பார்த்தபோது, என் மனசில் ஏதோ சுருக்கென்றது.

பீடி பிடிக்காமலே வந்த வியாதி

வாசகிகளே, இந்த இடத்தில் மியூசியத்தை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

2019-ல் அத்தைக்கு விடாத இருமல். இரண்டு மாடி ஏறினால் மூச்சு முட்டியது. 'வயசானா அப்படித்தான்' என்று நாங்களும் விட்டுவிட்டோம். கடைசியில் நெஞ்சு மருத்துவரிடம் போனபோது, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டார். அத்தைக்கு வந்ததே கோபம்! மருத்துவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்: "விறகு அடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தீர்கள்?"

அப்புறம் ஒரு கருவியைக் கொடுத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பலமாக ஊதச் சொன்னார். "ஆயுசு பூரா ஊதியாச்சு. இங்கேயும் வந்து ஊதணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் அத்தை ஊதினார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் மருத்துவர். சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

விறகு, வறட்டி, சுள்ளி இவற்றின் புகையில் கார்பன் மோனாக்சைடும், கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களும் இருக்கின்றன. ஜன்னல் இல்லாத அடுப்பங்கரையில் அவற்றை வருஷக்கணக்கில் சுவாசித்தால் மூச்சுக் குழாய்கள் வீங்கிக் குறுகிவிடுகின்றன. ஒருமுறை கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்து, இன்ஹேலரை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் மேலும் கெடாமல் சமாளிக்கலாம். இன்ஹேலர் என்றால் பழகிவிடும், அடிமையாக்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. அந்தப் பயம் வேண்டாம். மருந்து நேரே மூச்சுக் குழாய்க்குப் போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்போது, கேஸ் போன்ற சுத்தமான எரிபொருளில் சமைத்த குடும்பங்கள் 100-க்கு 59 தான். 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்து கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது உண்மை. ஆனால் சிலிண்டர் விலையைப் பார்த்துவிட்டு, அதை மூலையில் வைத்துவிட்டுச் சுள்ளி பொறுக்கப் போகிறவர்களை நம் ஊர்ப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

உங்கள் அம்மாவோ மாமியாரோ பல வருஷம் விறகு அடுப்பில் சமைத்தவராக இருந்து, தொடர்ந்து இருமல், சளி, கொஞ்சம் நடந்தாலே இளைப்பு என்று இருந்தால், தயவுசெய்து வயசின் மேல் பழியைப் போடாதீர்கள். ஊதிப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு ஒரு தரம் அழைத்துப் போங்கள்.

அம்மியும் சுகப்பிரசவமும்

மறுபடி விவசாயி வீட்டுக்கு வருவோம். ஒரு பக்கம் அம்மியும் ஆட்டுக்கல்லும். அங்கே நாலைந்து பெண்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஜிம் எதுக்கு? அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டினாங்க, எல்லாருக்கும் சுகப்பிரசவம்" என்றாள் ஒருத்தி.

நானே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்தப் பத்திரிகையில் எழுதியும் இருக்கலாம்! அதனால் ஆமாம் என்று தலையாட்டப் போனேன். அத்தை முந்திக்கொண்டார்.

"எங்க சின்ன நாத்தனா தினம் அம்மியில அரைச்சவதாம்மா. தலைப்பிரசவத்துலயே போயிட்டா. மாட்டுவண்டி கட்டி மன்னார்குடி போறதுக்குள்ள ரத்தம் நிக்கல."

அந்தப் பெண்கள் ஒன்றும் பேசவில்லை. அத்தைக்கே சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. "அரைச்ச சட்டினி ருசிதான். அதை இல்லேங்க முடியாது. வாசனை மிக்ஸில வராது" என்று சமாதானமாகச் சேர்த்துக்கொண்டார்.

உடம்பு வளைந்து வேலை செய்தால் நல்லதுதான். ஆனால் 14 பேருக்கு மாவாட்டிவிட்டு, இரண்டு குடம் தண்ணீர் இழுத்துவிட்டு, கடைசியில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டுப் படுக்கிறவளுக்கு அது தேகப்பயிற்சி ஆகாது. பிரசவத்தில் தாயைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரியும் ரத்த வங்கியும் ரோடும்தான். அம்மிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

நெல்லுக்கு நடுவீடு

மற்ற மாநில வீடுகளைக் கொஞ்சம் வேகமாகத்தான் பார்த்தோம். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு மரத்தாலேயே இழைத்தது. பெட்டிக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. கேரளத்துப் பழைய வீடுகளில் நெல் சேமிக்கும் 'அற'தான் வீட்டின் இருதயம். பத்திரமான நடு இடம் அதற்குத்தான். "நெல்லுக்கு நடுவீடு, பொம்பளைக்குப் பொகைவீடு" என்று அத்தை கணீரென்று சொன்னார். பழமொழியா என்று கேட்டேன். "இல்ல, இப்பத்தான் தோணுச்சு" என்றார்!

கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டையும், தெலங்கானாவின் இக்கத் நெசவாளர் வீட்டையும் பார்த்தபோது, தறிதான் வீட்டின் முதல் குடித்தனக்காரர் என்று தோன்றியது. நல்ல வெளிச்சம் எல்லாம் அதற்கே. விசாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர வட்ட வீடு என் பெண்ணுக்குப் பிடித்தது. வட்டமான மண் சுவர், தரையைத் தொடுகிற மாதிரி இறங்கும் கூரை. புயல்காற்றுக்கு மூலை அகப்படாது, சுற்றிக்கொண்டு போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த என்ஜினீயரிங்!

திண்ணைப் பாட்டி

அத்தைக்குக் கால் வலித்ததால் விவசாயி வீட்டுத் திண்ணைக்கே திரும்பி வந்து, அவரை உட்கார வைத்துவிட்டு நாங்கள் காப்பி வாங்கப் போனோம். வந்து பார்த்தால், அத்தையைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம்! வழியில் பொறுக்கின கூழாங்கற்களை வைத்து ஐந்தாங்கல் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். கூட வந்த டீச்சர், "பாட்டி, நீங்க இங்கே வேலை பாக்கறீங்களா? எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?" என்று கேட்டார்.

அத்தை மகா கம்பீரமாக, "நான் இந்த வீட்டுக்காரிம்மா" என்றார்.

அப்புறம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில். இது எதுக்கு, குதிர். அது எதுக்கு, உறி. பூனைக்கு எட்டாமல் தயிரை மாட்டி வைக்க. கரண்ட் இல்லாமல் எப்படிப் படித்தீர்கள்? "நான் எங்கே படிச்சேன், அஞ்சாங் கிளாசோட நிறுத்திப்புட்டாங்க." ஒரு சின்னப் பெண், "இந்த வீடு நல்லாருக்கா, எங்க ஃப்ளாட் நல்லாருக்கா?" என்று கேட்டாள். அத்தை யோசித்தார். "திண்ணை இங்கே நல்லாருக்கு. அடுப்பு ஒங்க வீட்டுல நல்லாருக்கு" என்றார்.

தட்சிணசித்ராவில் குயவர், நெசவாளர் வேலை செய்வதைப் பார்க்கலாம், களிமண்ணில் கையை வைக்கலாம், விடுமுறை நாட்களில் கூத்து, ஆட்டம் எல்லாம் நடக்கும். எல்லாம் சரி. ஆனால் நீங்கள் போவதானால், அந்த மாதிரி வீட்டில் வாழ்ந்த ஒரு பெரியவளை அழைத்துக்கொண்டு போங்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விட்டால் வெயிலுக்குத் தப்பலாம். நடை அதிகம், நல்ல செருப்பும் தண்ணீரும் அவசியம். வயசானவர்களை அவசரப்படுத்தாதீர்கள். திண்ணைகள் நிறைய இருக்கின்றன.

கையெழுத்து

திரும்பி வரும்போது காரில் அத்தை கொஞ்ச தூரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். சோழிங்கநல்லூர் வந்ததும், "நம்ம வீட்டையும் இந்த மாதிரி யாராச்சும் கொண்டுபோய் வச்சுக்குவாங்களா?" என்றார்.

"தெரியலை அத்தை. கேட்டுப் பார்க்கலாம்."

"வேண்டாம் விடு. எத்தனை வீட்டைத்தான் அவங்க தூக்கிக்கிட்டுப் போவாங்க." கொஞ்சம் பொறுத்து, "கையெழுத்துப் போட்டுர்றேன்னு பெரியவன்கிட்டே சொல்லு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட கணக்கென்ன, வந்த விடையென்ன! "அத்தை, ஒங்களுக்கு அந்த வீடு வேண்டாமா? ஆறு மாசமா யோசிச்சீங்களே?" என்றேன்.

"வீட்டுக்காக யோசிக்கலம்மா. அந்த வீட்டுல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு ஒருத்தருக்கும் தெரியாமயே போயிருமேன்னு இருந்துச்சு. மூணு புள்ளைங்களும் தூணைப் பத்திப் பேசுறானுங்க, கதவைப் பத்திப் பேசுறானுங்க. அடுப்படியைப் பத்தி எவன் பேசுறான்?"

முன் சீட்டில் இருந்த என் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

விற்கக் கூடாது என்ற என் கட்சியை நான் இன்னும் முழுசாக விட்டுவிடவில்லை. அந்தத் தூண்கள் ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கப்போகின்றன என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அங்கே குடியிருந்தவர் அத்தைதான். நான் லீவுக்குப் போய் ஊஞ்சல் ஆடினவள்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார். பத்திரம் பதிவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும், மூன்று பிள்ளைகளும் உட்பட, அந்த வீட்டில் ஒரு நாள் இருக்க வேண்டும். கொல்லையிலிருந்து ஆரம்பித்து வாசல் வரை ஒவ்வொரு இடமாக அவர் சொல்லிக்கொண்டே வருவாராம். என் பெண் எழுதிக்கொள்ள வேண்டுமாம். அடுப்பங்கரையில் மட்டும் பிள்ளைகள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

தை பிறந்ததும் கிளம்புகிறோம். வீட்டை அளந்து வரைபடம் போடுவதற்கு அளவு நாடாவும் ஒரு பெரிய நோட்டும் என் பெண் வாங்கி வைத்துவிட்டாள். அத்தை நேற்றே பையை எடுத்து வைத்துவிட்டார். மேலாக இருந்தது இன்ஹேலர், இரண்டு.

"பூட்டின வீடு. ஒட்டடையும் தூசியுமா கெடக்கும். ஒண்ணு பத்தாது" என்றார்.